கடன் கட்டும் உறுதி தளரும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்தின் பொருளாளராகப் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதி வருகிறேன். சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தா கட்ட வருகிறவர்கள், காசைக் கொடுத்துவிட்டு, "இதையும் கொஞ்சம் பாருங்க" என்று தவணைக் கொப்பியையும் நீட்டுவது எப்போதோ வழக்கமாகிவிட்டது. "மனசு விட்டுப்போச்சு" என்றுதான் பெரும்பாலோர் பேச்சைத் தொடங்குவார்கள். கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினால், மனம் விட்டுப்போனதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே கணக்கில் ஏதோ ஒன்று பிசகியிருப்பது அநேகமாகத் தெரியவரும். அதனால் இங்கே தைரியம் சொல்லும் பேச்சைத் தேட வேண்டாம்.

உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போய், அதன் கீழுள்ள காரணங்களை மேலிருந்து வரிசையாகச் சரிபாருங்கள். செலவில்லாத காரணம் முதலிலும், கைக்காசும் நாளும் தின்னும் காரணம் கடைசியிலும் இருக்கும். தொடங்குமுன் கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகள், எல்லாத் தவணைக் கொப்பிகள், அடகுச் சீட்டுகள், ஒரு புதுக் கொப்பி ஆகியவற்றை மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

## அறிகுறி 1: "கட்டிக்கொண்டேதான் இருக்கிறேன், கடன் குறைந்தபாடில்லை"

தவணையைப் பார்த்து, நிலுவையைப் பார்க்காமல் இருப்பது. அதிகமாகக் காண்பது இதைத்தான். ஒரு இலட்சம் ரூபாவை வருடத்துக்கு 24 வீதக் குறையும் வட்டியில் (அதாவது மீதியுள்ள கடனுக்கு மட்டும் போடும் வட்டியில்) இரண்டு வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 5,287 ரூபா வரும். முதல் மாதத் தவணையில் 2,000 ரூபா வட்டிக்கே போய்விடுவதால், முதல் எனப்படும் வாங்கிய தொகையில் குறைவது 3,287 ரூபாதான். ஆறு மாதத்தில் 31,700 ரூபாவுக்கு மேல் கட்டியிருப்பீர்கள். முதல் தொகையின் நிலுவையோ 79,000 ரூபாவைத் தாண்டியே நிற்கும். இது கடனின் இயல்பான நடை. பிற்பாதியில் வேகமாக இறங்கும். இதை முன்கூட்டியே எழுதி வைத்திராதவர், ஏழாவது மாதத்தில் தன்னை யாரோ ஏமாற்றுவதாக எண்ணிக் கையை விட்டுவிடுகிறார்.

செய்ய வேண்டிய சோதனை: கடன் தந்த நிறுவனத்திடம் முதலையும் வட்டியையும் பிரித்துக் காட்டும் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். புதுக் கொப்பியில் ஒரு கடனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு மாதமும் மீதி முதலை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கட்டியதைக் கூட்டி எழுதுவதால் பெருமூச்சைத் தவிர வேறொன்றும் வருவதில்லை.

அடகை வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. கீழ் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா ஒருவர் தன் பற்றுச்சீட்டுகளை ஒரு பழைய லக்டோஜன் டின்னில் வைத்திருந்தார். வருடவாரியாக மடித்து, ஒவ்வொரு கட்டையும் சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் சுற்றியிருந்தார், அவ்வளவு ஒழுங்கு. இரண்டு காப்புகளுக்கு 2021இல் 90,000 ரூபா வாங்கியிருந்தார். நான்கு அடகுச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தபோது, திகதியும் வட்டியும் மாறியிருந்தன. முதல் என்ற இடத்தில் மட்டும் நான்கிலும் 90,000 என்றே இருந்தது. அவர் ஒரு தடவையும் தவறவில்லை. அவர் கட்டியது முழுவதும் வட்டி. "அப்ப நான் இவ்வளவு நாளும் காப்புக்கு வாடகையா கட்டினேன்?" என்று கேட்டார். நான் பார்த்தவரையில் அடகுக் கடனை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

சோதனை: கடைசி இரண்டு அடகுச் சீட்டுகளில் முதல் தொகை ஒன்றேயா? ஆமென்றால், அடுத்த தடவை வட்டியோடு முதலிலும் ஒரு பகுதியைக் கட்ட இடமுண்டா என்று கவுண்டரில் கேளுங்கள். தங்க விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் கூடத் தருவோம் என்று அங்கே சொல்லக்கூடும். அந்தக் கூடுதல் காசை வாங்கினால் நீங்கள் மீண்டும் முதல் படியில்தான் நிற்பீர்கள்.

வட்டி முறை தெரியாமல் கையெழுத்து வைத்தது. அதே ஒரு இலட்சத்துக்கு அதே 24 வீதத்தைப் பிளாட் ரேட்டில், அதாவது வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசிவரை வட்டி என்ற முறையில், போட்டால், இரண்டு வருட வட்டி 48,000 ரூபாவாகவும் மாதத் தவணை 6,167 ரூபாவாகவும் ஆகிவிடும். வீதத்தில் வித்தியாசம் தெரியாது, காசில் மொத்தம் இருபத்தோராயிரத்துக்கு மேல் தெரியும். தவணையைத் தவணை எண்ணிக்கையால் பெருக்கி, வாங்கிய தொகையைக் கழித்துப் பார்த்தால் போதும்; வட்டியாக எவ்வளவு போகிறது என்று யாரையும் கேட்காமலே அறியலாம்.

பத்து வட்டி. நூறுக்கு மாதம் பத்து என்பது வருடத்துக்கு 120 வீதம். 20,000 ரூபாவுக்கு மாதம் 2,000 கொடுத்துக்கொண்டிருப்பவர் பத்து மாதத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடனோ அப்படியே இருக்கிறது. இந்தக் கடன் உங்களிடம் இருந்தால், இந்தப் பக்கத்தில் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதை முதலில் முடிக்க வேண்டும். வீட்டில் விற்கக்கூடியது ஏதேனும் இருந்தால் அதை விற்றேனும் முடிப்பதுதான் என் அபிப்பிராயம்.

எப்போது வெளியே உதவி கேட்பது: உங்கள் பற்றுச்சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கும் நிறுவனம் தரும் கூற்றுக்கும் ஒத்துவரவில்லையென்றால், முதலில் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டாலோ பதில் பொருந்தாவிட்டாலோ, அந்த நிறுவனம் மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ளதாயின், அதன் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்தில் முறையிட்ட பிரதி கையில் இல்லாமல் அழைத்தால் அந்த முறைப்பாட்டில் தொடங்கும்படியே சொல்வார்கள்.

## அறிகுறி 2: "மூன்று மாதம் நன்றாக ஓடியது, நான்காம் மாதம் விட்டது"

நல்ல மாதச் சம்பளத்தை வைத்துத் திட்டம் போட்டது. கொழுந்து மலிந்த மாதத்தில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடும் திட்டம் வரட்சி மாதத்தில் உடையாமல் இருக்காது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். உங்கள் சீட்டில் இப்போது வேறு தொகை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 22 நாள் வேலைக்கு 29,700 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போக 27,324. நம் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை கொழுந்து குறைந்து, பனியும் கருக்கி, 16 நாள் பேர்தான் (வேலைநாள் பதிவுதான்) விழுந்தது என்றால் அதே கழிவுக்குப் பின் 19,872. இடைவெளி 7,452 ரூபா. தொழிற்சங்கச் சந்தாவும் முற்பணக் கழிவும் போனால் இன்னும் குறையும். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து சேராமல் அரைப்பேர் விழும் நாள்களை நான் இங்கே சேர்க்கவேயில்லை.

சோதனை: பன்னிரண்டு சீட்டுகளில் மிகக் குறைந்த மூன்றை எடுத்துச் சராசரி பாருங்கள். உங்கள் எல்லாத் தவணைகளும், கடைக் கொப்பியும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அதற்குள் அடங்குகின்றனவா? அடங்குமென்றால் திட்டம் சரி, அடுத்த காரணத்துக்குப் போகலாம். அடங்காதென்றால் நீங்கள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது மாசியில் உடையும். இப்போதே நிறுவனத்திடம் போய்த் தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். வட்டி கூடத்தான் செய்யும். ஆனால் மூன்று மாதம் தவறிப் பெயர் கெட்டபின் அதே கதவைத் தட்டுவது இதைவிடக் கடினம்.

திகதிப் பொருத்தமின்மை. சம்பளம் பத்தாம் திகதியும் தவணை ஐந்தாம் திகதியும் என்றால், ஒவ்வொரு மாதமும் முந்தின மாதச் சம்பளத்தை இருபத்தைந்து நாள் காப்பாற்றி வைத்திருக்க வேண்டியிருக்கிறது. லயத்து வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. தவணைத் திகதியைப் பன்னிரண்டுக்கோ பதினைந்துக்கோ மாற்றித் தரும்படி ஒரு கடிதம் கொடுங்கள். செலவு ஒரு பஸ் டிக்கட். நான் கண்ட இவ்வகைத் தவறல்களில் கணிசமானவை இந்த ஒரு கடிதத்தோடு நின்றிருக்கின்றன.

பண்டிகையைக் கணக்கில் சேர்க்காதது. ஜனவரியில் சப்பாத்தும் கொப்பிகளும், சித்திரையில் திருவிழாவும், இடையில் இரண்டு சடங்குக்கும் ஒரு கல்யாணத்துக்கும் மொய்யும், கடைசியில் தீபாவளியும் என்று வருடந்தோறும் வருகிறவையே வருகின்றன. ஆனாலும் கொப்பியில் இவை எதிர்பாராச் செலவாகவே எழுதப்படுகின்றன. தீபாவளி முற்பணத்தைக் கையில் வாங்கும்போது அது போனஸ் போலத் தெரியும். பின்வரும் மாதங்களின் சீட்டில்தான் அதன் நிறம் தெரியும். மொய்யை நிறுத்தச் சொல்லி எழுதுகிறவர்கள் தோட்டத்தில் வாழ்ந்திராதவர்கள். வைத்த மொய் நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும் பணம். அதைக் குறைத்து வைக்கலாம், வைக்காமல் இருக்க முடியாது.

சேமிப்பே இல்லாதது. எல்லாக் காசையும் கடனுக்கே கட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்பவர், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் பத்து வட்டிக்காரர் வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஐயாயிரம் ரூபா சேரும்வரை கட்டாயத் தவணைகளை மட்டும் கட்டி, மேலதிகமாகக் கட்டுவதை நிறுத்தி வையுங்கள். அந்த ஐயாயிரம் தபாலகத்தில் தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகத்தில் கிடக்கட்டும். வீட்டில் வைத்தால் அது வீட்டுக் காசாகிவிடும்.

வேலையே நின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மண் சரிந்து பாதைகள் அடைபட்ட நாள்களைப் போன்ற காலத்தில் தவணை தவறுவது உங்கள் குற்றமன்று. ஒத்திவைப்புக் கேளுங்கள். கேட்கும்போது, ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடுமா, அந்த வட்டிக்கும் வட்டி ஏறுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: "காசு இருக்கிறது, கொண்டுபோய்க் கட்டத்தான் கால் வரவில்லை"

சோம்பல் என்று இதை எளிதாகத் தள்ளிவிடலாம், ஆனால் முதலில் வழியைப் பாருங்கள். கட்டும் இடம் டவுனில் இருந்து, அதற்காக அரைநாள் பேரை இழக்க வேண்டியிருந்தால், உங்கள் தவணை கொப்பியில் எழுதிய தொகையைவிட எழுநூறு எண்ணூறு ரூபா அதிகம் என்று பொருள். அதற்கே மனம் பின்வாங்குகிறது. சம்பளம் வங்கிக்கு வருமானால், அந்த வங்கியில் நிலையான கட்டளை எழுதிக் கொடுத்தால் பதினோராம் திகதியே பணம் தானாகப் போய்விடும். வேறொரு நிறுவனமென்றால் வங்கிக் கணக்குக்கோ கைப்பேசி வழியாகவோ கட்ட முடியுமா என்று கேட்கலாம்.

வழியில் பிரச்சினை இல்லையென்றால், காசு பத்தாம் திகதிக்கும் கட்டும் நாளுக்கும் இடையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அரிசி டப்பாவிலும் சாமிப் படத்துக்குப் பின்னாலும் இருக்கும் காசு வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்த காசு.

இரண்டும் இல்லையென்றால் அநேகமாக வெட்கம். ஒரு தவணை தவறியபின் கவுண்டரில் இருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூசி, முழுத்தொகையும் சேரட்டும் என்று காத்திருந்து, இரண்டாவதையும் தவறவிடுகிறார்கள். என் ஆட்டோ லீசிங்கில் எனக்கே இது நடந்தது; கையில் பாதித் தவணையை வைத்துக்கொண்டு ஐந்து நாள் அந்தக் கட்டடத்துக்கு எதிரிலுள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். ஆறாம் நாள் உள்ளே போனபோது, அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காசை எண்ணிப் பற்றுச்சீட்டைத் தந்தார். பாதித் தொகையையும் கட்டலாம். கட்ட முடியாவிட்டால், திகதிக்கு முன்னமே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துச் சொல்லலாம்.

## அறிகுறி 4: "எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கட்டுகிறேன், ஒன்றும் முடியவில்லை"

வரிசை போடாததுதான் காரணம். எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிவிட்டு, மிஞ்சும் காசு முழுவதையும் ஒரே ஒரு கடனில் போட வேண்டும். எதில் போடுவது? கூடிய வட்டியுள்ளதில் போடுவதுதான் கணக்குக்குச் சரி. ஆனால் பத்து வட்டியும் வாராவாரம் கட்டும் கிழமைக் கடனும் முடிந்து, மீதியுள்ளவற்றின் வட்டி ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லாத நிலையில், நான் மிகச் சிறிய கடனையே முதலில் காட்டுவேன். கொப்பியில் ஒரு பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு மூடுகிறவருடைய கை அடுத்த பக்கத்துக்கு வேகமாகப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முடிந்த கடனின் தவணைத் தொகையைச் சமையலறைக்குத் திருப்பாமல் அடுத்த கடனோடு சேர்த்துவிடுங்கள்.

## அறிகுறி 5: "நான் கட்டுகிறேன், வீட்டில் இன்னொருவர் வாங்குகிறார்"

ஒரே மேசையில் எல்லாக் கொப்பிகளையும் விரிப்பதுதான் முதல் சோதனை. கணவனுக்குத் தெரியாத கிழமைக் கடனும், மனைவிக்குத் தெரியாத சாராயக் கடைக் கொப்பியும் அப்போதுதான் வெளியே வரும். சண்டை வரும். அது வந்து முடியட்டும்.

குழுக் கடனில் உங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குப் பிணை நிற்கிறீர்களா என்றும் பாருங்கள். அவர் தவறினால் அது உங்கள் கொப்பிக்கு வரும். ஆகவே அதுவும் பட்டியலில் ஒரு வரியாக இருக்க வேண்டும். கொடுத்தவர் அக்கம்பக்கத்தவராக இருந்து, தொகையில் இழுபறி ஏற்பட்டால், பிரதேசத்தின் மத்தியஸ்த சபைக்கு எழுதலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அச்சபைக்கு வழக்கறிஞர் செலவு கிடையாது.

## அறிகுறி 6: "கதவு தட்டினாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் போய்விட்டது"

இங்கே வரிசையாகச் சோதிக்க வேண்டாம். நேரே உதவிக்குப் போங்கள்.

உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும், இன்றைக்கே தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து அரச வைத்தியசாலைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழில் பேச வேண்டும் என்று முதல் வசனத்திலேயே கேளுங்கள். கடன் கணக்கு அடுத்த கிழமை வரை காத்திருக்கும்.

வசூலிக்க வருகிறவர் இரவில் வந்து நின்றால், அயலவர் முன் ஏசினால், பொருளைத் தூக்கிச் செல்வதாக மிரட்டினால், நாளையும் நேரத்தையும் சொன்ன சொல்லையும் கொப்பியில் எழுதி வையுங்கள். நிறுவனமானால் முன்சொன்ன 1935. மிரட்டலானால் பொலிஸ் நிலையம். கையெழுத்து வைத்த பத்திரத்தைப் பற்றிய கேள்வியானால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம். ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்காகவே இருக்கிறது.

ஏ.டி.எம். காட்டையும் இரகசிய இலக்கத்தையும் ஈடாகக் கொடுத்திருந்தால், வங்கிக்குப் போய்ப் பழைய காட்டை நிறுத்திப் புதிது எடுங்கள். கடனைக் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் உங்கள் சம்பளத்தை இன்னொருவர் எடுத்து மீதியை உங்களுக்குத் தரும் நிலையில் எந்தத் திட்டமும் நிற்காது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் வைக்க வேண்டாம்.

சேமலாப நிதியை உடைத்துக் கடனை முடிக்கலாம் என்ற யோசனையோடு சிலர் வருவார்கள். பத்து வருடப் பங்களிப்பும் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மீதியும் உள்ளவருக்கு 30 வீதம் வரை எடுக்க இடமுண்டு. ஆனால் அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான். எடுத்துத் தருகிறேன் என்று தரகுக்கூலி கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

## அறிகுறி 7: "இன்னும் இரண்டு தவணைதான், ஆனால் முடிக்க மனம் வரவில்லை"

விசித்திரமாகத் தோன்றும், ஆனால் வருடத்தில் நாலைந்து பேர் வருகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றே: இரண்டு தவணை மீதியிருக்கும்போது நிறுவனத்திலிருந்து அழைத்து, பழையதைக் கழித்துக்கொண்டு கூடுதலான புதுக் கடன் தருவதாகச் சொல்லியிருப்பார்கள். கடைசி இரண்டு தவணையில் அநேகமாக முழுவதும் முதல், வட்டி சொற்பம். அந்த இடத்தில் புதுக் கடனில் ஏறினால் மறுபடியும் வட்டி மிகுந்த முதல் மாதத்திலிருந்து தொடங்குகிறீர்கள்.

முடிக்கும் நாளில் கையில் வர வேண்டியவை இவை: கடன் தீர்ந்ததென்ற கடிதம், கையெழுத்திட்ட பத்திரங்கள், அடகானால் நகை. நகையைக் கவுண்டரிலேயே நிறுத்துச் சீட்டிலுள்ள எடையோடு ஒப்பிடுங்கள். ஆட்டோ லீசிங்கானால், பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருக்கும் நிறுவனத்தின் பெயரை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் நீக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் அதைச் செய்யாமல் விட்டவர்கள், வண்டியை விற்கும் நாளில் ஓடித் திரிகிறார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட கடன் தகவல் பணியகத்திடம், நம் வாயில் வழங்கும் கிரிப்பிடம், உங்கள் அறிக்கையைக் கேட்டு எடுங்கள். முடிந்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டினால், தீர்ந்த கடிதத்தின் பிரதியோடு நிறுவனத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தின் மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காமல் லக்டோஜன் டின்னிலேயே வையுங்கள்.